மந்திரி மனை: நல்லூரில் ஒரு மாளிகையின் கதை

யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறை வீதியால் பஸ்ஸில் போகின்ற எவரும் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலைக் கண்டதும் கைகூப்பிக் கொள்வார்கள். கோயிலைத் தாண்டினால் முத்திரைச் சந்தி. அங்கே சங்கிலிய மன்னன் வாளேந்திக் குதிரைமேல் சிலையாக நிற்கின்றான். அதே வீதியில் சட்டநாதர் கோயிலை நோக்கிப் போகும்போது, சிறு தூர இடைவெளிகளில் இரண்டு பழைய சின்னங்கள் வரும். ஒன்று சங்கிலியன் தோப்பு வளைவு. மற்றது வீதியோரத்தில் முகப்பு மட்டும் மாடியாக உயர்ந்து நிற்கும் மந்திரி மனை.

எங்களில் பலர் இந்த வீதியால் நூறு தடவை போயிருப்போம். சந்தைக்குப் போனோம், ஆஸ்பத்திரிக்குப் போனோம், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குப் போனோம், காணாமற் போனவர்களைத் தேடி அலுவலகம் அலுவலகமாகப் போனோம். அந்த அவசரத்தில் இந்த மாளிகையை யார் நின்று பார்த்தது? இம்மாதம் அதைச் சற்று நின்று பார்ப்போம், சகோதரிகளே. ஒரு வீடு எவ்வாறு எழுகின்றது, எவ்வாறு விழுகின்றது என்பதை அறிய இதைவிட நல்ல இடம் எங்கள் குடாநாட்டில் இல்லை.

நல்லூர் இராசதானி

யாழ்ப்பாண இராச்சியம் 13ஆம் நூற்றாண்டு முதல் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நிலைபெற்றிருந்தது. ஆரியச் சக்கரவர்த்திகள் என அழைக்கப்பட்ட மன்னர்கள் பரராசசேகரன், செகராசசேகரன் என்ற சிம்மாசனப் பெயர்களை மாறி மாறிச் சூடி ஆட்சி செய்தனர். அவர்களின் தலைநகரம் நல்லூர். 1450இல் கோட்டை இராச்சியத்தின் படைத்தலைவனான சப்புமல் குமாரயா, எங்கள் வரலாற்றில் செண்பகப் பெருமாள் எனப்படுபவன், நல்லூரைக் கைப்பற்றினான். 1467இல் கனகசூரிய சிங்கையாரியன் திரும்பி வந்து இழந்த அரசை மீட்டுக்கொண்டான்.

நகரின் நான்கு திசைகளிலும் நான்கு கோயில்கள் காவலாக அமைந்தன என்பது மரபு. வடக்கே சட்டநாதர், கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், தெற்கே கைலாசநாதர், மேற்கே வீரமாகாளி அம்மன். இந்த நான்கையும் மனத்தில் வைத்துப் பார்த்தால் பழைய நகரம் எவ்வளவு பரந்திருந்தது என்று நாமே நடந்து அளந்துகொள்ளலாம்.

முத்திரைச் சந்தியில் உள்ள ஆங்கிலிக்கன் தேவாலயத்துக்கு அருகே யமுனா ஏரி இருக்கின்றது. பகர எழுத்தின் வடிவில், அதாவது 'ப' போலக் கட்டப்பட்ட கேணி அது. மன்னன் ஒருவன் யமுனை நதியின் தீர்த்தத்தைக் காவடிகளில் எடுப்பித்து இதில் விட்டான் என்று, ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை சொல்கின்றது. அரச குடும்பத்துப் பெண்கள் நீராடிய கேணி என்று ஊரில் சொல்வார்கள்.

அரண்மனை மட்டும் இன்று இல்லை. அது இருந்த இடத்தைக் காணிப் பெயர்களில்தான் தேட வேண்டியுள்ளது. சங்கிலித்தோப்பு, பண்டாரக்குளம் என்ற பெயர்கள் உறுதிகளிலும் ஊர்ப் பேச்சிலும் தப்பிப் பிழைத்தன. சுவாமி ஞானப்பிரகாசர் போன்ற பழைய ஆய்வாளர்களும் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் போன்ற இக்காலத் தொல்லியலாளர்களும் நல்லூரின் பழைமையை ஆராய்ந்தபோது, இத்தகைய பெயர்களும் எஞ்சிய சின்னங்களுமே அவர்களுக்குத் துணையாக இருந்தன. கல் போனாலும் காணிப் பெயர் இலகுவில் போகாது.

அரண்மனைப் பெண்களுக்கு என்ன நேர்ந்தது?

போத்துக்கேயர் யாழ்ப்பாணத்தின்மீது முதலில் 1560இல் பெரும் படையெடுத்தனர். 1591இல் மீண்டும் வந்து மன்னனைக் கொன்று, எதிர்மன்னசிங்கத்தைத் தங்கள் விருப்பப்படி அரியணையில் அமர்த்தினர். 1617இல் அவன் இறந்தபோது வாரிசு சிறு பிள்ளை. அந்த நேரத்தில் அரண்மனைக்குள்ளேயே இரத்தம் சிந்தியது. போட்டிக்கு நின்ற உறவினர்களைக் கொன்று சங்கிலி குமாரன் அதிகாரத்தைக் கையில் எடுத்தான். 1619இல் பிலிப் டி ஒலிவேறா தலைமையில் வந்த படை நல்லூரைப் பிடித்தது. கடல் வழியாகத் தப்ப முயன்ற சங்கிலி பிடிபட்டு, கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டு அங்கே மரண தண்டனைக்கு உள்ளானான். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. ஆட்சி நல்லூரிலிருந்து கடலோரத்துக் கோட்டைக்கு மாறியது. நல்லூர் தலைநகர் என்ற நிலையை இழந்தது.

வரலாற்றுப் புத்தகங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் அடுத்த அதிகாரத்துக்குப் போய்விடும். நாங்கள் சற்று நிற்க வேண்டும். மன்னன் போன பின் அந்த மாளிகைக்குள் இருந்த பெண்கள் என்ன ஆனார்கள்? அரச குடும்பத்தினர் கத்தோலிக்கராக ஞானஸ்நானம் பெற்று, பெயர் மாற்றப்பட்டு, கொழும்புக்கும் கோவாவுக்கும் கொண்டு செல்லப்பட்டனர். வாரிசாக இருந்த சிறுவன் பிரான்சிஸ்கன் துறவியாக்கப்பட்டான். துறவிக்குக் குடும்பமும் இல்லை, வாரிசும் இல்லை. அத்துடன் அந்த வம்சத்தின் உரிமைக் கோரிக்கை முடிந்தது. அரசியாக இருந்தவளும் அவளுக்குப் பணி செய்தவளும், பெயரும் வீடும் மொழியும் மாறிய ஓர் ஊரில் மிச்ச நாட்களைக் கழித்திருப்பார்கள். அவர்கள் வாய்மொழியாக ஒரு வரிகூட எங்களுக்கு வந்து சேரவில்லை.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்ததை நாங்கள் மறக்கவில்லை. நாவற்குழிப் பாலத்தில் மழையில் நின்றவர்கள் இதை வாசிப்பவர்களிலும் இருப்பார்கள். வீட்டைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்த அம்மாமாரும் இருப்பார்கள். 400 ஆண்டுகளுக்கு முன்னர் நல்லூரிலிருந்து புறப்பட்ட பெண்களிடம் திறப்பும் இருக்கவில்லை, திரும்பி வருவோம் என்ற நம்பிக்கையும் இருக்கவில்லை.

மந்திரி மனை யாருடையது?

மந்திரி மனை என்ற பெயரைக் கேட்டதும், அது யாழ்ப்பாண அரசின் மந்திரி ஒருவர் வாழ்ந்த மாளிகை என்று எண்ணுகின்றோம். ஊர் மரபும் அப்படித்தான் சொல்கின்றது. உள்ளே சுரங்கப் பாதை ஒன்று உண்டு, அது அரண்மனைக்கும் யமுனா ஏரிக்கும் போகின்றது என்றெல்லாம் கதைகள் உண்டு. ஆனால் இன்று காண்கின்ற கட்டிடத்தின் வளைவுகள், மாடி முகப்பு, சாந்து வேலைப்பாடு ஆகியவற்றில் ஐரோப்பியரின் செல்வாக்கு தெளிவாகத் தெரிகின்றது. ஆகவே இது 1619க்கு முற்பட்ட கட்டிடமாக இருக்க முடியாது, ஒல்லாந்தர் காலத்திலோ அதற்குப் பின்னரோ எழுந்தது என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. மந்திரியின் மனை இருந்த நிலத்தில் பின்வந்த ஒரு பெருங்குடும்பம் புதிதாகக் கட்டியிருக்கலாம். நிலத்தின் பெயர் வீட்டுக்கும் ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

இப்படிச் சொல்வதால் அதன் மதிப்புக் குறைந்துவிடாது. அரசு வீழ்ந்த பின் எங்கள் மேட்டுக்குடியினருக்கு என்ன நேர்ந்தது என்பதை இந்த வீடு காட்டுகின்றது. மன்னர் குடும்பம் அழிந்தது. ஆனால் நிலமும் செல்வாக்கும் உடைய குடும்பங்கள் அழியவில்லை. அவை புதிய எசமானர்களின் கீழ் முதலியார்களாகவும் விதானைமாராகவும் மாறின. பெயருக்கு முன்னால் 'தொன்' சேர்த்துக்கொண்டன. இன்றைய நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை 1734இல் அமைத்தவர் பெயரே தொன் ஜுவான் இரகுநாத மாப்பாண முதலியார். பதவிக்காகப் பெயரை மாற்றிக்கொண்டாலும் வழிபாட்டைக் கைவிடாத ஒரு தலைமுறை அது. அப்படிப்பட்ட குடும்பங்களின் வாழ்க்கைதான் மந்திரி மனையின் தோற்றத்திலும் தெரிகின்றது. வீதியைப் பார்த்த முகப்பு ஐரோப்பிய மாடி. உள்ளே போனால் எங்கள் நாற்சார் வீட்டின் முற்றமும் மரத்தூண்களும்.

சுண்ணாம்பும் பனையும்

சில வருடங்களுக்கு முன்னர் எங்கள் சேமிப்புக் குழுவைச் சேர்ந்த பெண்கள் சிலரை ஒரு நாள் சுற்றுலாவாக நல்லூருக்கு அழைத்துச் சென்றேன். பெரும்பாலானோர் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து, நலன்புரி முகாமில் வருடக் கணக்காக வாழ்ந்தவர்கள். மந்திரி மனைக்குள் நுழைந்ததும் ஒருவரும் மன்னனைப் பற்றிக் கேட்கவில்லை. ஓர் அம்மா சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "மிஸ், இது எங்கட வீட்டுச் சுவர் மாதிரியே கிடக்குது. சுண்ணாம்புச் சாந்துதான்" என்றார். இன்னொருவர் கூரையை அண்ணாந்து பார்த்து, எந்த இடத்தால் மழை இறங்குகின்றது என்று கைகாட்டினார். முற்றத்தில் வந்து விழும் மழைநீர் எந்தப் பக்கத்தால் வெளியே போகும் என்று வேறு இருவர் தமக்குள் பேசிக்கொண்டனர். சுவர்களில் வந்து போனவர்கள் கிறுக்கிய பெயர்களைக் கண்டு எல்லோருக்கும் கோபம் வந்தது.

அவர்கள் பார்த்தது சரியான பார்வை. இந்த வீட்டைத் தாங்கியது அரச மகிமை அல்ல. எங்கள் மண்ணில் கிடைத்த பொருட்களும் எங்கள் மக்களின் கைவேலையும்தான் அதைத் தாங்கின. குடாநாட்டின் நிலத்தடியில் இருப்பது சுண்ணாம்புக் கல். அதையே வெட்டிச் சுவருக்கு அடுக்கினர். அதையே சூளையில் சுட்டு நீற்றிச் சாந்தாக்கினர். கூரைக்கு வைரம் பாய்ந்த பனையின் சிலாகைகள், அதன்மேல் ஓடு. தடித்த சுவர் பகல் வெயிலை உள்ளே விடாது. நடு முற்றம் காற்றையும் வெளிச்சத்தையும் கொண்டு வரும். மின்விசிறி இல்லாத காலத்தில் வீட்டைக் குளிர்மையாக வைத்திருக்க அவர்கள் கண்ட வழி இது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இவ்வளவு பெரிய வீட்டைக் கூட்டியவர், மெழுகியவர், நெல் குற்றியவர், தண்ணீர் அள்ளியவர் யார்? எங்கள் சமூகத்தில் சாதியின் பெயரால் அடிமையாகவும் குடிமையாகவும் வைக்கப்பட்ட மக்கள் இருந்தார்கள். ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமையில் அடிமைகள் பற்றிய விதிகளும் உண்டு. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி முற்றாக ஒழிக்கப்பட்டது 1844இல்தான். முன்வாசலால் வந்தவர்களின் பெயர்களை வரலாறு வைத்திருக்கின்றது. பின்வாசலால் வந்து அந்த வீட்டை நாள்தோறும் வீடாக்கிய பெண்களின் பெயர்கள் எதுவும் இல்லை. பழம் பெருமை பேசும்போது இதையும் சேர்த்துப் பேசுவதே நேர்மை. அப்போதுதான் மந்திரி மனை எல்லோருக்கும் உரிய சின்னமாகும்.

மாளிகை எப்படி விழுகின்றது?

யுத்த காலத்தில் யாழ்ப்பாணம் இழந்தவை ஏராளம். 1981இல் பொது நூலகம் எரிந்தது. 1990இல் கோட்டையைச் சுற்றி நடந்த சண்டையில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டை பெருமளவு சிதைந்தது. அவை எல்லோர் கண்ணிலும் பட்ட அழிவுகள். நூலகம் திரும்பக் கட்டப்பட்டது. கோட்டையிலும் 2009க்குப் பின் ஒல்லாந்து நாட்டின் உதவியோடு திருத்த வேலைகள் நடந்தன. சங்கிலியன் தோப்பு வளைவும் அண்மைக் காலத்தில் சீராக்கப்பட்டது. 1974இல் நிறுவப்பட்ட சங்கிலியன் சிலையும் 2011இல் புதிய உருவில் அமைக்கப்பட்டது.

மந்திரி மனை மெதுவாக விழுந்த வீடு. அதை விளங்கிக்கொள்ளப் பொறியியல் படித்திருக்கத் தேவையில்லை. இடம்பெயர்ந்து திரும்பி வந்து எங்கள் வீடுகளைப் பார்த்தபோது நாங்கள் எல்லோரும் கண்ட கதைதான். முதலில் ஓர் ஓடு விலகும். ஆள் இருக்கின்ற வீடு என்றால் அன்றைக்கே ஏணி வைத்து ஒருவர் ஏறிச் சரிசெய்துவிடுவார். ஆள் இல்லாவிட்டால் அந்த ஓட்டையால் மாரி முழுக்கத் தண்ணீர் இறங்கும். சிலாகை நனைந்து, பின் உக்கும். கறையான் ஏறும். ஒரு சிலாகை முறிந்தால் அதன்மேல் இருந்த ஓடுகள் அத்தனையும் வரும். கூரை போனால் சுவரின் தலை வெறுமையாகும். சுண்ணாம்புச் சாந்து மழையில் கரையத் தொடங்கும். காகம் போட்ட ஆலம் விதையோ அரசம் விதையோ வெடிப்பில் முளைத்து வேர்விடும். அந்த வேர் பருக்கும்போது கல்லும் கல்லும் பிரியும்.

அவசரத்துக்குச் சீமெந்து பூசினாலும் பழைய சுவருக்குத் தீங்குதான். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை உள்வாங்கிப் பின் வெளியே விடக்கூடியது. சீமெந்து அந்த ஈரத்தை உள்ளே பூட்டி வைத்துவிடும். பூச்சு வெளியே பளபளக்க, உள்ளே கல் பொரிந்துகொண்டிருக்கும். பழைய வீட்டைத் திருத்துவதற்கு அதே பொருளும் அந்த வேலை தெரிந்த ஆளும் வேண்டும். சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசன்மார் இன்று எங்கள் ஊர்களில் மிகக் குறைவு.

ஆனால் ஓடு விலகிய அன்றே யாரும் ஏன் ஏறவில்லை? இதுதான் கேள்வி. மந்திரி மனை தொல்பொருள் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்ட சின்னம். ஆனால் காணி தனியார் உரித்தில் இருப்பது. பாதுகாக்கும் பொறுப்பு ஓர் இடத்தில், உரித்து இன்னோர் இடத்தில், பெருமை பேசும் வாய்கள் எல்லா இடத்திலும். இப்படி இருக்கும்போது திருத்த வேலை இலகுவில் தொடங்காது. 2025 செப்டெம்பரில் பெய்த மழையின்போது கட்டிடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அந்தச் செய்தியைப் பார்த்ததும், எங்களுடன் வந்து கூரையைக் காட்டிய அந்தச் சகோதரியைத்தான் நினைத்தேன். மழை எந்த இடத்தால் இறங்குகின்றது என்று அவர் ஒரே பார்வையில் கண்டுகொண்டவர்.

எங்கள் வீடுகளும் எங்கள் உறுதிகளும்

உரித்துச் சிக்கலால் மாளிகை மட்டும் விழுவதில்லை. குடாநாட்டின் எந்த ஒழுங்கையில் நடந்தாலும் கூரையற்ற வீடுகளைக் காணலாம். ஷெல் விழுந்து உடைந்தவை சில. மற்றவை பங்கு பிரிக்கப்படாத வீடுகள். ஒரு பிள்ளை கனடாவில், ஒரு பிள்ளை பிரான்ஸில், ஒரு பிள்ளை காணாமற் போனவர், ஒருத்தி மட்டும் ஊரில். ஊரில் இருப்பவள் திருத்தினால் மற்றவர்களுக்கு ஐமிச்சம். திருத்தாவிட்டால் வீடு விழும். எனது வேலையில் கிழமைக்கு ஒரு தடவையாவது இந்தக் கதையைக் கேட்கின்றேன்.

எங்கள் வழமையில் பெண்ணுக்கும் காணிக்கும் உள்ள உறவு மிகப் பழையது. 1707இல் யாழ்ப்பாணத்தின் ஒல்லாந்த அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் இங்கத்தைய வழக்கங்களைத் தொகுத்து எழுதினார். 12 முதலியார்கள் அதைப் பார்த்துச் சரி என்றனர். அதுவே தேசவழமை. 1806இல் ஆங்கிலேயரும் அதை ஏற்றுக்கொண்டனர். வீடும் வளவும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவது எங்கள் வழக்கமாக இருந்து வந்துள்ளது. வீட்டுக்குப் பேரன் பெயரைச் சொல்வோம். உறுதியைப் புரட்டினால் பேத்தி பெயர் இருக்கும். மன்னர் கதைகளில் பெண்களின் பெயர் இல்லை. ஆனால் எங்கள் காணி உறுதிகளில் தலைமுறை தலைமுறையாகப் பெண்களின் பெயர்கள் உள்ளன. இது சிறிய விடயமல்ல.

இதில் ஒரு முடிச்சும் உண்டு. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகளும் வழியுரிமையும் பற்றிய கட்டளைச் சட்டத்தின்படி, தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் பெயரில் உள்ள காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். கணவன் இறந்தவளுக்கு இத்தடை இல்லை. கணவன் எங்கே என்று தெரியாதவள் என்ன செய்வாள்? அவள் மாவட்ட நீதிமன்றத்தை நாடி அனுமதி பெறலாம் என்று அதே சட்டம் இடம் தந்திருக்கின்றது. மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத குடும்பங்கள், ஆள் காணாமற் போயிருக்கிறார் என்பதை உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெறுவதற்கு 2016இல் சட்டத் திருத்தம் வந்தது. அவர் உயிரோடு இல்லை என்று நீங்கள் கையொப்பமிட வேண்டியதில்லை. இதைத் தெரியாமல் எத்தனையோ சகோதரிகள் வீட்டைத் திருத்தக் கடன் எடுக்க முடியாமல் இருக்கின்றார்கள்.

ஆகவே சில காரியங்களைத் தள்ளிப் போடாதீர்கள். உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் தேடிப் பிரதி எடுக்கலாம். காணியின் பெயர், பரப்பு, எல்லைகள், பழைய உரித்தாளரின் பெயர் என்பவற்றை உங்களுக்கு ஞாபகம் உள்ளவரை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். வீட்டில் முதியவர்கள் இருந்தால் இன்றைக்கே கேட்டு எழுதுங்கள். வடக்கு எல்லை யாருடைய வளவு, கிணற்றில் எத்தனை பங்கு, வாய்க்கால் எந்தப் பக்கம் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். வெளிநாட்டில் உள்ள சகோதரங்களோடு உறவு நன்றாக இருக்கும்போதே பங்கை எழுத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவில் ஆலோசனை கேட்கலாம்.

போய்ப் பாருங்கள்

நல்லூர்த் திருவிழாவுக்குப் போகும் நாளில் ஒரு மணித்தியாலத்தை இதற்கென எடுத்துக்கொள்ளுங்கள். முத்திரைச் சந்தியில் தொடங்கி, யமுனா ஏரியையும் சங்கிலியன் தோப்பு வளைவையும் பார்த்து, மந்திரி மனை வரை நடக்கலாம். தூரம் அதிகம் இல்லை. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். இடிந்த பகுதிக்குக் கிட்ட அவர்களை விடாதீர்கள். சுவரில் பெயர் எழுதக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மன்னர்களின் பெயர்களோடு, இந்தச் சுவர் எந்தக் கல்லால் கட்டப்பட்டது, யார் கட்டினார்கள், யார் கூட்டினார்கள் என்பதையும் சொல்லுங்கள்.

மாதர் சங்கங்களும் சனசமூக நிலையங்களும் இதில் செய்யக்கூடியது உண்டு. உரித்துடையோரும் தொல்பொருள் திணைக்களமும் ஒரே மேசையில் இருந்து பேச வேண்டும் என்று பிரதேச செயலகத்துக்கும் மாநகர சபைக்கும் ஒரு கடிதம் எழுதலாம். அந்தக் கடிதத்தில் பெண்களின் கையொப்பங்கள் நிறைய இருந்தால் நல்லது. உடைந்த வீட்டைத் திரும்ப எழுப்புவது எப்படி என்று இந்த நாட்டில் எங்களை விட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்? தறப்பாள் கொட்டிலில் தொடங்கி, ஒரு சுவர், பிறகு ஒரு கதவு, பிறகு கூரை என்று பல வருடங்களாகக் கட்டியவர்கள் நாங்கள்.

மந்திரி மனையில் இன்னும் நிற்கின்ற சுவர்கள் அடுத்த மாரிக்கும் நனையும். அதற்குள் ஓட்டைப் பார்க்க ஓர் ஏணி வரவேண்டும்.